விட்டு விட்டு வந்த நெட்டும் நம்ம பதிவேடும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்ம உற்பத்திக்கூடத்து நெட் இணைப்பைச் சரி பண்ணின விவரத்தைப் பேசச் சொல்லித் தலைவி அம்மா சொன்னாங்க. இது ஏதோ இன்ஜினியர் சமாச்சாரம்னு நினைச்சு யாரும் எழுந்து போயிடாதீங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. எனக்குப் புரிஞ்சது உங்களுக்கும் புரியும். பக்கத்து ஊராட்சிக் கூட்டமைப்புகள்லயும் இந்த மாதிரி இணைப்பு போடப் போறதா கேள்விப்பட்டேன். அவங்களுக்கு இது உதவும்.

முதல்ல நம்ம இடத்தைச் சொல்லிடுறேன். கூட்டமைப்பு அலுவலகம் ஊராட்சி சேவை மையக் கட்டிடத்துல இருக்கு. அங்க ஃபைபர் நெட் வந்திருக்கு. மாவு மில்லும் மசாலா பேக்கிங்கும் நடக்கிற உற்பத்திக்கூடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நேர்க்கோட்டுல பார்த்தா சுமார் 400 மீட்டர். லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும்தான் சரியா வேலை செய்யும். ஃபைபர் இழுக்கணும்னா ரோட்டையும் வாய்க்காலையும் தாண்டணும், செலவும் கட்டுப்படியாகாது. செல்போன் டவரும் உற்பத்திக்கூடத்துல ஒரு கோடுதான் காட்டும். அதனால ரெண்டு கட்டிடத்து மாடியிலயும் கம்பம் நட்டு, ஒண்ணை ஒண்ணு பார்க்கிற மாதிரி ஆளுக்கொரு ஆண்டெனா பெட்டி வச்சாங்க. அலுவலக நெட்டை ஒரு பெட்டி காத்துல அனுப்பும், இன்னொரு பெட்டி வாங்கிக்கும்.

அந்த நெட்டை நம்பித்தான் உற்பத்திக்கூடத்துல பில் போடுறோம், ஆர்டர் பார்க்கிறோம், லோக்ஓஎஸ் பதிவு ஏத்துறோம். அதைவிடப் பெரிய விஷயம், வங்கி முகவரா இருக்கிற நம்ம அக்கா கைரேகை மெஷினோட உட்கார்ற இடமும் அதுதான். வயசானவங்க பஸ் ஏறி டவுனுக்குப் போகாம அங்கேயே முதியோர் ஓய்வூதியத்தை வாங்கிட்டுப் போவாங்க.

பங்குனி மாசம் இணைப்பு போட்டாங்க. சித்திரை முழுக்க ஒரு குறையும் இல்லை. வைகாசி கடைசியில ஆரம்பிச்ச தொல்லை ஆடியில உச்சத்துக்குப் போச்சு. நெட் வரும், போகும். சில சமயம் ரெண்டு நிமிஷத்துல வந்துடும், சில சமயம் மத்தியானம் முழுக்க வராது.

பில் போட முடியாம போனா கையால எழுதிக்கலாம். ஆனா கைரேகை வச்ச அந்த நொடியில நெட் போனா என்ன ஆகும் தெரியுமா? வங்கிக் கணக்குல பணம் கழிஞ்சிடும், மெஷின்ல "தோல்வி"ன்னு சீட்டு வரும். கையில காசு வராது. ஒரு பாட்டிக்கு இப்படி ஆச்சு. வங்கியிலிருந்து வந்த மெசேஜை அவங்க பேரன் படிச்சுக் காட்ட, "பணம் எடுத்தாச்சுன்னு இருக்கே, எனக்குத் தரலையே"ன்னு பாட்டி தெருவுல உட்கார்ந்து அழுதாங்க. அவங்க அழுததுல தப்பே இல்லை. அந்த மாசத்து அரிசியும் மாத்திரையும் அந்தப் பணத்துலதான். ஆனா ஊர் சும்மா இருக்குமா? "முகவர் பொண்ணு அமுக்கிட்டா"ன்னு ரெண்டு பேர் பேச, நாலு பேர் தலையாட்டினாங்க. பத்து வருஷமா ஒரு ரூபாய் கணக்குப் பிசகாம குழு நடத்தின அக்கா அவங்க. மெஷினைத் திருப்பிக் கொடுத்துடறேன்னு சொல்லி ஒரு வாரம் வீட்டை விட்டு வெளிய வரலை. நெட் கோளாறுன்னா வெறும் நெட் கோளாறு இல்லைன்னு அப்பதான் எங்களுக்கு உறைச்சது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்ல தண்ணி வந்த பிறகுதான் தொல்லை, தண்ணி சிக்னலை இழுக்குதுன்னாங்க. மழைதான் காரணம்னாங்க. பக்கத்து வீடுகள்ல வைஃபை போட்டுட்டாங்க, அதுதான்னாங்க. இணைப்பு போட்டுக் கொடுத்தவங்க மூணு தடவை வந்தாங்க. ஒரு தடவை அடாப்டரை மாத்தினாங்க, ஒரு தடவை கேபிளையும் சேனலையும் சேர்த்து மாத்தினாங்க, ஒரு தடவை பெட்டியையே மாத்தினாங்க. வந்து போன அன்னிக்கு நல்லா இருக்கும், மறுநாள் பழைய கதைதான். நாலாவது தடவை, புதுசா விலை அதிகமான பெட்டி போட்டாத்தான் சரியாகும்னு சொல்லிட்டாங்க.

அப்பதான் கூட்டத்துல ஒரு முடிவு எடுத்தோம். காசு செலவு பண்றதுக்கு முன்னாடி, எப்போ போகுது, எப்போ வருதுன்னு எழுதிப் பார்ப்போம். எழுதுறது நமக்குப் புதுசா? உற்பத்திக்கூடத்துல இருப்புப் பதிவேடு எழுதுறது நான். அதனால இந்த நோட்டும் என் கைக்கு வந்தது.

நோட்டுல அஞ்சு கட்டம் போட்டோம். தேதி, நெட் போன நேரம், திரும்ப வந்த நேரம், அப்போ காத்து மழை வெயில் எப்படி, அப்போ கரண்ட் எப்படி - மில் மோட்டார் ஓடுச்சா நின்னுச்சா. மூணு வாரம் எழுதினோம். அந்த மூணு வாரமும் எதையும் மாத்தக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டோம். மாத்திக்கிட்டே இருந்தா எது எதனால ஆச்சுன்னு கடவுளுக்கே தெரியாது.

மூணு வாரம் கழிச்சு நோட்டை விரிச்சு வச்சுப் பார்த்தா, தொல்லை ஒண்ணு இல்லை, ரெண்டு. ரெண்டு மூணு நிமிஷத்துல தானா சரியாகிற சின்னத் தடை எல்லாம் மில் மோட்டார் போட்ட நேரத்தோட ஒத்துப்போச்சு. நீளமான தடை எல்லாம் காத்து பலமா அடிச்ச மத்தியானத்துலயும், மழை விட்ட காலையிலயும் இருந்துச்சு. இந்த ரெண்டும் பின்னிக் கிடந்ததாலதான் யார் வந்தாலும் குழம்பிப் போனாங்க. ஒண்ணைச் சரி பண்ணினாலும் இன்னொண்ணு வந்து நின்னு, "சரியாகலையே"ன்னு சொல்ல வச்சிருக்கு.

நோட்டு இன்னொரு நல்லதும் பண்ணுச்சு. சில சந்தேகத்தை அடிச்சுப் போட்டது. பக்கத்து வீட்டு வைஃபைதான் காரணம்னா ராத்திரி ஏழு மணிக்கு மேல, எல்லாரும் போன் பார்க்கிற நேரத்துல, அதிகம் போகணும். காத்து இல்லாத ராத்திரியில ஒரு தடவைகூடப் போகலை. வாய்க்கால் தண்ணிதான் காரணம்னா ராத்திரியும்தானே தண்ணி ஓடுது? இந்தப் பெட்டிகள் பேசுற 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மந்தைவெளி மாதிரி. யாரும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம். 2018ல மத்திய அரசு அந்த மந்தைவெளியை இன்னும் அகலமாக்கிக் கொடுத்தது. அதனால அடுத்தவங்க அலை வந்து மோதுறது நடக்கக்கூடியதுதான். சில ஊர்ல அதுதான் காரணமாவும் இருக்கும். எங்க ஊர்ல அது இல்லைன்னு நோட்டு சொல்லிடுச்சு.

இனி எங்க கோளாறுன்னு இடத்தைக் கண்டுபிடிக்கணும். எங்க உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணு பாலிடெக்னிக் படிக்குது. அந்தப் பொண்ணு ஒரு நல்ல வழி சொல்லிக் கொடுத்தது. கம்ப்யூட்டர்ல கருப்புத் திரையைத் திறந்து, பிங்னு அடிச்சு, ஒரு பெட்டியோட முகவரியைப் போட்டா, "இருக்கியா?"ன்னு அந்தப் பெட்டியைக் கூப்பிட்டுக் கேட்கும். அது "இருக்கேன்"னு பதில் சொல்லும். முகவரின்னா 192.168.1.20 மாதிரி ஒரு எண். கிட்ட இருக்கிறதுலேருந்து தூரத்துல இருக்கிறது வரைக்கும் வரிசையா நாலு பேரைக் கூப்பிடணும்.

முதல்ல நம்ம மாடியில இருக்கிற பெட்டி. அது பதில் சொல்லலைன்னா கோளாறு நம்ம கேபிள்லயோ அடாப்டர்லயோதான். ரெண்டாவது அந்தக் கட்டிடத்துப் பெட்டி. நம்ம பெட்டி பேசி அது பேசலைன்னா, நடுவுல காத்து வழியில கோளாறு, இல்லைன்னா அந்தப் பக்கம் கரண்ட் இல்லை. மூணாவது அலுவலக ரூட்டர். ரெண்டு பெட்டியும் பேசி ரூட்டர் பேசலைன்னா அலுவலகத்துக்குள்ள ஏதோ கேபிள் கழண்டிருக்கு. நாலாவது வெளியில இருக்கிற இன்டர்நெட். மூணு பேரும் பேசி அது மட்டும் பேசலைன்னா ஃபைபர்காரங்களுக்குத்தான் போன் போடணும், ஆண்டெனாவைத் தொடவே கூடாது. இந்த நாலு முகவரியையும் அட்டையில எழுதிச் சுவத்துல ஒட்டியிருக்கோம்.

அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு பக்கம் இருக்கு. கம்ப்யூட்டர்ல பார்க்கலாம். கரண்ட் வந்து பெட்டி எழுந்து எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு அது காட்டும். நெட் போய் வந்ததும் அதைப் பார்க்கணும். "எழுந்து மூணு நிமிஷம்"னு இருந்தா பெட்டியே அணைஞ்சு எழுந்திருக்கு, கரண்ட் கோளாறு. "எழுந்து ஆறு நாள்"னு இருந்து நெட் மட்டும் போயிருந்தா பெட்டி முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, வழியிலதான் தடை. ரெண்டு தொல்லையையும் பிரிச்சது இந்த ஒரு வரிதான்.

மோட்டார் போட்டதும் வோல்டேஜ் ஒரு நொடி இறங்குது. குண்டு பல்பு மினுக்குறதைப் பார்த்திருப்பீங்க. பல்பு மினுக்கிட்டு எரியும், பெட்டி அணைஞ்சு மறுபடி எழுந்து அந்தப் பக்கத்துப் பெட்டியைத் தேடிப் பிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மில் மோட்டார் இல்லாத வேற ஃபேஸ்ல அடாப்டரை மாத்தினோம். நடுவுல ஒரு சின்ன யூபிஎஸ் வச்சோம். அப்புறம் மோட்டாரை அஞ்சு தடவை வேணும்னே போட்டு நிறுத்திப் பார்த்தோம். பெட்டி அசையலை. சின்னத் தடை அன்னையோட நின்னுச்சு.

நீளத் தடை மட்டும் இருந்தது. இப்ப காத்து வழியைப் பார்ப்போம். பெட்டியில சிக்னல் அளவு கழித்தல் கணக்கா காட்டும். கடன் மாதிரி வச்சுக்கங்க. மைனஸ் 55ன்னா சின்னக் கடன், நல்லது. மைனஸ் 80ன்னா பெரிய கடன், தத்தளிக்கும். பங்குனியில பொருத்தினப்போ மைனஸ் 58ன்னு அவங்க கொடுத்த தாள்லயே எழுதியிருந்தது. ஆடியில பார்த்தா மைனஸ் 74. காத்து அடிச்சா 80ஐத் தாண்டுது.

மாடியில ஏறிப் பார்த்தா எதிர்ப் பெட்டி கண்ணுக்குத் தெரியத்தான் செய்யுது. வாய்க்கால் கரையில இருக்கிற தேக்கு மரங்களோட இலை இடுக்குல தெரியுது. கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்னுதான் எல்லாரும் சொல்வாங்க. அந்தப் பொண்ணு சொன்னதுதான் எனக்கு வியப்பா இருந்துச்சு. அலை நூல் பிடிச்ச மாதிரி போறதில்லை. ரெண்டு முனையிலயும் ஒடுங்கி நடுவுல பருத்து, வெள்ளரிப்பழம் மாதிரி இடம் எடுத்துக்கிட்டுப் போகும். 400 மீட்டர் தூரத்துக்கு நடு மையத்துல, கோட்டைச் சுத்தி எல்லாப் பக்கமும் சுமார் ஏழரை அடி இடம் அதோட வழி. ஏழரைன்னதும் பயப்படாதீங்க, இது அந்த ஏழரை இல்லை. அந்த ஏழரை அடியில பாதிக்கு மேல இடம் காலியா இருந்தாத்தான் அலை நல்லாப் போகும்.

பங்குனியில தேக்கு இலை உதிர்ந்து மொட்டையா நின்னுச்சு. வெறும் கிளை பெரிசா மறைக்கலை. வைகாசிக்கு மேல துளிர்த்து, முறம் முறமா இலை விட்டு, நேரா வெள்ளரிப்பழத்துக்குள்ள வந்து நின்னுடுச்சு. காத்துல ஆடினா சிக்னல் ஏறி இறங்கும். நனைஞ்ச இலை அலையை இன்னும் அதிகமா உறிஞ்சும். மழை விட்ட பிறகும் காலையில நெட் வராத காரணம் இதுதான். மேட்டூர்த் தண்ணி வந்ததும் தேக்கு இலை விட்டதும் ஒரே சமயம். ஊரு தண்ணியைப் பார்த்தது, இலையைப் பார்க்கலை.

மழையைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். வீட்டு டிஷ் டிவி மழையில போகுதே, அதே மாதிரிதான்னு நினைக்கிறோம். அது வேற. டிஷ்ஷுக்கு வர்ற அலை இதைப்போல ரெண்டு மடங்கு வேகமாத் துடிக்கிற அலை. 36,000 கிலோமீட்டர் மேலேயிருந்து மேகத்தையும் மழையையும் கிழிச்சுக்கிட்டு வருது. நம்ம 400 மீட்டர் இணைப்பை மழைத்தூறல் ஒண்ணும் பண்ணாது. மழையில போகுதுன்னா நனைஞ்ச இலையைப் பாருங்க, இல்லைன்னா கேபிள் முனையில தண்ணி இறங்கியிருக்கான்னு பாருங்க.

மரத்தை வெட்டலாம்னு சிலர் சொன்னாங்க. வாய்க்கால் கரை மரம் அரசாங்கத்துது, நாம கை வைக்க முடியாது. மரத்தைக் கொன்னு நெட் வாங்கவும் எங்களுக்கு மனசில்லை. கம்பத்தை உயர்த்துறதுன்னு முடிவு பண்ணினோம். எந்தக் கம்பத்தை? இதுல ஒரு கணக்கு இருக்கு. ஒரு பக்கக் கம்பத்தை மட்டும் 10 அடி உயர்த்தினா, நடுவுல வழி 5 அடிதான் உயரும். தேக்கு உற்பத்திக்கூடத்துலேருந்து சுமார் 100 மீட்டர்ல இருக்கு. அதனால உற்பத்திக்கூடத்துக் கம்பத்தை 10 அடி உயர்த்தினா மரத்துக்கு மேல ஏழரை அடி கிடைக்கும். அலுவலகக் கம்பத்தை உயர்த்தினா ரெண்டரை அடிதான். கயிறு பிடிச்சு ரெண்டு பொண்ணுங்க கணக்குப் போட்டதை எலக்ட்ரீசியன் அண்ணனே பாராட்டினார்.

பழைய கம்பத்தோட 10 அடி ஜி.ஐ. பைப் சேர்த்து, ஆடாம இருக்க மூணு பக்கம் ஸ்டே கம்பி கட்டினோம். பெட்டியைத் திருப்புறப்போ மேல ஒருத்தர், கீழ கம்ப்யூட்டர் முன்னாடி ஒருத்தர், போன்ல பேச்சு. ஒரு விரக்கடை திருப்பணும், நிறுத்தணும், எண்ணைப் படிக்கணும். முதல்ல இடம் வலம், அது முடிஞ்ச பிறகு மேல கீழ. ரெண்டையும் ஒண்ணா திருப்பினா வழி தவறிடும். மைனஸ் 57ல வந்து நின்னுச்சு. புதுப் பெட்டி வாங்கலை. பைப்பு, கம்பி, யூபிஎஸ், கூலியோட வேலை முடிஞ்சது.

இப்ப முகவர் அக்கா விஷயத்துக்கு வர்றேன். அவங்க கிட்ட இருந்த "தோல்வி" சீட்டு ஒவ்வொண்ணுலயும் நேரம் அச்சாகியிருக்கும். நோட்டு எழுதின மூணு வாரத்துச் சீட்டுகளை எடுத்து, என் நோட்டோட பக்கத்துல வச்சு எல்லார் முன்னாடியும் கூட்டத்துல படிச்சோம். ஒவ்வொரு சீட்டு நேரத்துலயும் நோட்டுல "நெட் போனது"ன்னு இருந்தது. அக்கா வீட்டுல எழுதின நோட்டு இல்லை அது, உற்பத்திக்கூடத்துல எல்லார் கண்ணு முன்னாடியும் எழுதினது. அதே நகலோட வங்கியில புகார் கொடுத்தோம். 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு ஒண்ணு இருக்கு. ஆதார் கைரேகைப் பரிவர்த்தனையில கணக்குல பணம் கழிஞ்சு, முகவர் மெஷினுக்கு உறுதி வரலைன்னா, அந்த நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள்ள பணத்தைத் திருப்பணும். தாமதமானா ஒரு நாளைக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நம்மள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? பாட்டிக்குப் பணம் வந்துடுச்சு. அதைவிட, அந்தப் பாட்டியே முகவர் அக்கா வீட்டுக்கு நடந்து போய், "வா தாயி, வந்து மெஷினைப் போடு"ன்னு கூப்பிட்டாங்க. அக்கா இன்னிக்கு மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. கைதட்டுங்க.

அக்கா இப்ப ஒரு முறை வச்சிருக்காங்க. கைரேகை வைக்கச் சொல்றதுக்கு முன்னாடி பிங் போட்டுப் பார்க்கிறாங்க. "தோல்வி" வந்தா உடனே மறுபடி விரல் வைக்கச் சொல்றதில்லை. முதல்ல இருப்பு பார்த்து, பணம் கழிஞ்சதா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் அடுத்தது.

புதுசா இணைப்பு போடப் போற கூட்டமைப்புகளுக்கு நாலு விஷயம். பொருத்துற அன்னிக்கே சிக்னல் அளவு, பெட்டி முகவரி, பாஸ்வேர்டு மூணையும் தாள்ல எழுதி வாங்குங்க. அந்த அளவு இருந்ததாலதான் 58 எப்படி 74 ஆச்சுன்னு எங்களால கேட்க முடிஞ்சது. மாசம் ஒரு தடவை அளவைப் படிச்சு எழுதுங்க. மரம் வளரும், கம்பம் சாயும். பெட்டிக்குள்ள நுழையிற இடத்துல கேபிளைக் கீழ ஒரு வளைவு விட்டு மேலேத்துங்க, தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். உள்ளே ஓடுற கேபிளை வெயில்ல போடாதீங்க, வெடிச்சுடும். கடைசியா, கம்பத்துக்கு எர்த் கட்டாயம். பக்கத்துல கரண்ட் கம்பி போனா யாரும் ஏற வேண்டாம், இடி இடிக்கிறப்போ கிட்டேயே போக வேண்டாம். நெட் நாளைக்கு வரும், உயிர் வராது.

1989ல தர்மபுரி மாவட்டத்துல நம்ம மாநிலத்து மகளிர் குழுத் திட்டம் ஆரம்பிச்சப்போ பெண்கள் கையில கம்ப்யூட்டர் இல்லை. ஒரு நோட்டு இருந்தது. நம்ம பஞ்சசூத்திரத்துல கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துறது எல்லாத்தையும் பெருமையாச் சொல்வோம். அஞ்சாவதா வர்ற பதிவேட்டை மட்டும் "எழுதணுமே"ன்னு அலுத்துக்குவோம். ஒரு பெண்ணோட பேரைக் காப்பாத்தினதும், கூட்டமைப்புக் காசை மிச்சம் பண்ணினதும் அந்த அஞ்சாவது சூத்திரம்தான். நாள், நேரம் போட்டு எழுதுங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க. ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க.